உறைந்த குழாய்க்கு ஈப்போவிலிருந்து ஒரு யோசனை

குழாயில் தண்ணீர் வராமல் போவதற்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. துரு, பாசி, களிமண், ஒருமுறை ஒரு குட்டி விலாங்கு. எழுபதுகளில் மலேசியாவில், ஈப்போவில் வீடு வீடாகப் போய் பைப் வேலை பார்த்தவன் நான். அதற்கு முன் பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பம்பு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்திலிருந்தே குழாய்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே தண்ணீர் எங்கே நடக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவேன். இந்தத் திமிரோடுதான் ஒரு மத்தியானம், என் தங்கச்சி இங்கிலாந்திலிருந்து விமானத் தபாலில் அனுப்பிய நீலக் கடுதாசியைப் பிரித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் குழாய்க்குள்ளேயே கல்லாகிப் போய்விட்டது என்று அதில் எழுதியிருந்தாள்.

அந்தக் கடுதாசிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி நர்ஸ் படிப்புக்காக அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் அப்பா என்று எனக்கு ஒரு நினைப்பு. இருபது வயதுப் பெண் தனியாக அவ்வளவு தூரம் போவதா என்று குதித்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், நீ போனால் எனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் விமானம் ஏறிய நாளில், வேலை இருக்கிறது என்று அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு, யாரோ ஒருவர் வீட்டு அடுப்பங்கரைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு வாஷர் மாற்ற வேண்டும். அந்த ஒரு வாஷரை நான் சாயங்காலம் வரைக்கும் மாற்றினேன்.

பிறகு மாதம் ஒரு கடுதாசி வரும். எல்லாம் அம்மாவுக்கு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத கடுதாசியை நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதா என்று கேட்பாள். முருங்கை காய்த்ததா என்று கேட்பாள். அண்ணன் இருக்கிறானா செத்தானா என்று கேட்க மாட்டாள். பதிலும் அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அண்ணனும் சுகமாக இருக்கிறான் என்று அம்மா சொன்னால், அதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவேன். அவளுக்கும் எனக்கும் வீம்பு ஒரே கடையில் வாங்கியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவள் இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம், உள்ளேயிருந்து அவள் குரல் வரும் என்று ஒரு நொடி நின்று கேட்பேன்.

அன்றைய கடுதாசிக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி விடுதியில் இடம் போதாமல், வெளியே ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தாள். அந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் அவள் அறைச் சுவரோடு ஒட்டிப் போகிறதாம். பனிக்காலத்தில் ராத்திரியில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துவிடுகிறதாம். முந்தின வருடம் அந்த அறையில் இருந்த பெண் கவனிக்காமல் விட, குழாய் வெடித்து, தண்ணீர் ஒழுகி, கீழ்வீட்டுக் கூடத்தின் சீலிங் இற்றுக் கீழே விழுந்திருக்கிறது. இந்த வருடமும் அப்படி நடந்தால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பனிக்காலத்தில் வேறு அறை கிடைக்காது. குழாயைச் சுற்றிச் சாக்கும் பழைய கம்பளிக் காலுறையும் கட்டி வைக்கச் சொல்கிறார், ராத்திரியில் குழாயைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடச் சொல்கிறார், அப்படியே செய்தும் இரண்டு நாள் உறைந்துவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, மடிப்புக்குப் பக்கத்தில், இடம் இல்லாமல் நெருக்கி ஒரு வரி: அண்ணனைக் கேளுங்கள் அம்மா, அவருக்குத் தெரியும்.

அந்த வரியை நான் படித்தேன். இன்னொரு தடவை படி என்றார் அம்மா. படித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். நான் மூன்றாம் முறை எனக்காகப் படித்தேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை தெரியும் அல்லவா, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சுண்ணாம்பு மலைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து, கடைசியில் நம் தகரக் கூரையில் இறங்கும். நான் மரப் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில், வாய்க்காலில், வாளியில், முருங்கை இலையில். இது அப்படியே நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே தூங்கிப்போவதைப் பார்த்ததில்லை. அவள் அறைச் சுவரில் ஒரு குழாய், அதற்குள் வளையாத வெள்ளைத் தண்ணீர், பக்கத்தில் கட்டிலில் கம்பளிக்குள் என் தங்கச்சி. குழாயில் காதை வைத்தால் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததைக் கேட்டபடி எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. அம்மா வந்து விளக்கைப் போட்டபோதுதான் மழை விட்டிருந்ததே தெரிந்தது.

அப்புறம் யோசிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் கெட்டது காரியம்.

நான் அறிந்த ஐஸ் எல்லாம் சைக்கிள் கேரியரில் வந்த ஐஸ். தோட்டத்தில் திருவிழா வந்தால் பீடோர் டவுனிலிருந்து முழு ஐஸ் கட்டி வரும். மேலே மரத்தூள், அதற்கு மேல் கோணிச்சாக்கு. செம்மண் ரோட்டில் கொளுத்தும் வெயிலில் அத்தனை மைல் வந்தும், சாக்கைப் பிரித்தால் கட்டி அப்படியே இருக்கும். சாக்கை எடுத்துப் போட்ட அரை மணியில் காலடியில் குளம் கட்டிவிடும். சாக்கு இருந்தால் ஐஸ் கரையாது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். இந்த வெள்ளைக்கார அம்மாள் என்னடாவென்றால் உறைகிற குழாய்க்குப் போய்ச் சாக்கைச் சுற்றச் சொல்கிறார். பாவம், பைப் விஷயம் தெரியாதவர் என்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்தது, சொட்டவிடுவது. சொட்டுகிற குழாயைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம் குழாய் சொட்டுகிறது என்றால் இலையில் உட்காராமல் போய் இறுக்கிவிட்டு வருவேன். அம்மா இதற்காக என்னை ஊர் பார்க்கத் திட்டியிருக்கிறார். சொட்டுவதால்தான் வாயில் ஐஸ் கட்டி, அது பின்னால் பரவி உள்ளே போகிறது என்று முடிவு கட்டினேன். மூன்றாவது, உறைந்துபோனால் என்ன செய்வது? இதற்குப் பெரிய படிப்பா வேண்டும். கெத்தலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து மேலே ஊற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் நுணுக்கி நுணுக்கி ஒரு நீலக் கடுதாசி நிறைய எழுதினேன். சாக்கை உடனே அவிழ்த்து எறி. குழாயை ராத்திரியில் ஒரு சொட்டும் விழாமல் இறுக்கி மூடு, கை போதாவிட்டால் ஸ்பானர் போடு. அப்படியும் உறைந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்று. ஓரத்தில் குழாயின் படம்கூட வரைந்தேன். அன்புள்ள தங்கச்சிக்கு என்று தொடங்குவதற்கு மட்டும் ரொம்ப நேரம் பிடித்தது. நலமா என்று கேட்கலாமா, சாப்பிட்டாயா என்று கேட்கலாமா என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குழாயிலிருந்தே ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் இருக்கிறதே, அந்த வாரத்தை யாராவது திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். காலையில் சைக்கிளில் போகும்போது மலையைச் சுற்றி மூடுபனி நிற்கும். அந்தக் கடுதாசி இப்போது எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே மிதிப்பேன். யார் வீட்டுச் சுவரில் காதை வைத்தாலும் உள்ளே ஓடும் தண்ணீர் அவள் பக்கமாகவே போவதுபோல் இருந்தது. ஒரு சீன வீட்டில் வேலைக்கு நடுவில் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன் போல, அந்த வீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா தினமும் கேட்பார், கடுதாசி சேர்ந்திருக்குமா என்று. இன்னும் நாலு நாள், இன்னும் மூணு நாள் என்பேன்.

எட்டாம் நாள் ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஆற்றோரத்தில் இருந்த பழைய கட்டடம். உள்ளே தண்ணீர் வரும் குழாயில் ஒரு வளைவு இற்றுவிட்டது, மாற்ற வேண்டும். அந்த இடத்துக்கு நான் அதுவரை போனதில்லை. கதவைத் தாண்டி உள்ளே போனதும் மூச்சு கண்ணுக்குத் தெரிந்தது. தரையெல்லாம் மரப்பலகை, பலகைக்கு அடியில் உப்புத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் வரிசை வரிசையாகத் தகரப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் நல்ல தண்ணீர், சத்தமே இல்லாமல் ஐஸ் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கண்ணாடியாக இறுகி, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இன்னும் விழித்திருந்தது. என் விரல்கள் மரத்துப்போயின. இதற்குள்தான் அவள் ஒன்றரை வருடமாக இருக்கிறாள் என்று தோன்றியது. வேலையை மறந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே மேஸ்திரியாக இருந்தவர் ஒரு கான்டனீஸ் சீனப் பெரியவர். பனியனுக்கு மேல் கிழிந்த கம்பளிச் சட்டை. அவரும் நானும் மலாயில் பேசிக்கொண்டோம். பெட்டிகளை ஏன் விளிம்புவரைக்கும் நிரப்பவில்லை, நாலு விரல் குறைகிறதே, குழாயில் தண்ணீர் பத்தவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐஸ் ஆகும்போது தண்ணீர் பருக்கும், இடம் விடாவிட்டால் பெட்டி பிளந்துபோகும், இதுகூடத் தெரியாதா என்றார். சிரித்து மழுப்பினேன். ஆனால் ஸ்பானர் போட்டு இறுக்கச் சொல்லி நான் எழுதிய குழாய் நினைவுக்கு வந்தது.

வேலை முடிந்ததும் அரை இஞ்சு இரும்புக் குழாயில் ஒரு முழ நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினேன். இரண்டிலும் தண்ணீர் நிரப்பினேன். ஒன்றின் இரண்டு முனைக்கும் மூடி போட்டு, நான் கடுதாசியில் எழுதியதுபோலவே ஸ்பானர் வைத்து இறுக்கினேன். இன்னொன்றின் அடியை மட்டும் மூடிவிட்டு மேல் வாயைத் திறந்து வைத்தேன். இரண்டையும் கம்பியில் கட்டி உப்புத் தொட்டியில் மேஸ்திரி கையாலேயே இறக்கி வைக்கச் செய்தேன். திறந்த வாய் மட்டும் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாளைக்கு வா என்றார்.

மறுநாள் மத்தியானம் போனேன். திறந்து வைத்த குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் வாயிலிருந்து ஐஸ் ஒரு விரல் உயரத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடி இறுக்கின குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. இரும்புக் குழாய். நான் ஏறி மிதித்தாலும் நெளியாத குழாய். அந்தப் பிளவில் வெள்ளையாக ஐஸ் பிதுங்கியிருந்தது. மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெச்சா லா," என்றார். உடைந்துபோச்சு என்று அர்த்தம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பையிலிருந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்தேன். அம்மா காலையில் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றிக் கொடுத்தது. அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க, பால் மரம் வெட்டப் போன காலத்திலிருந்து அப்படித்தான் கொண்டுபோவார், பசியாறும் நேரம்வரைக்கும் சூடு இருக்கும். எதிரே லாரியில் ஆட்கள் ஐஸ் கட்டிக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மிடறு குடித்தேன். நாக்கைச் சுட்டது. போத்தலைப் பார்த்தேன், லாரியைப் பார்த்தேன், மறுபடி போத்தலைப் பார்த்தேன். அட முட்டாளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். சாக்குக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. உள்ளே இருப்பதை வெளியே விடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் குழாய்க்குள் இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டைத்தான் அந்தச் சாக்கு காப்பாற்றி வைத்திருந்தது. அதைத்தான் நான் அவிழ்த்து எறியச் சொல்லியிருந்தேன்.

எழுந்து உள்ளே ஓடினேன். உறைந்த பெட்டியிலிருந்து கட்டியை எப்படி எடுப்பீர்கள், வெந்நீர் ஊற்றுவீர்களா என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் பதறிப்போனார். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுப்போம், கொதிக்கிற தண்ணீர் பட்டால் ஐஸும் வெடிக்கும், பெட்டியும் போகும் என்றார். ஆக மூன்றும் தப்பு. ஒன்றாவது சரியாக இருந்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. கடுதாசி போட்டு ஒன்பது நாள். போய்ச் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தந்தி அடித்தால் நாலு வார்த்தையில் என்னத்தைச் சொல்வது? அவள் முதல் கடுதாசியிலேயே அந்த ஊர்த் தொலைபேசி எண் ஒன்று இருந்தது. சாவுச் செய்திக்கு மட்டும் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாள். அறை மாறியபோது புது எண்ணையும் அதே வார்த்தையோடு அனுப்பியிருந்தாள். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "மொதல்ல அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லு. அப்புறமா பைப்பப் பத்திப் பேசு," என்றார்.

டவுனில் தொலைபேசிக் கூடத்தில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி, அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். அவள் வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்துவிடலாம். மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனோ தெரியாது. கூட்டம், பேச்சு, தட்டச்சுச் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. கடைசியில் இரண்டாம் நம்பர்க் கூண்டுக்குப் போகச் சொன்னார்கள். அம்மாவும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மாள்தான் எடுத்தார். என்னுடைய இங்கிலீஷ் இரும்புக் கடை இங்கிலீஷ். நான் அண்ணன், பைப் விஷயம் என்று சொன்னேன். அவர் கடகடவென்று நிறையச் சொன்னார். முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் சீலிங் என்ற வார்த்தை இரண்டு முறை வந்தது. என் தொழிலில் அது தெரியாமல் இருக்குமா?

காலடிச் சத்தம் கேட்டது, படியில் யாரோ ஓடி வந்தார்கள். மூச்சு வாங்கியது. ஒன்றரை வருடம் கழித்து என் தங்கச்சியின் மூச்சைக் கேட்டேன்.

"அம்மாவுக்கு என்னண்ணே ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்காங்க. இங்கதான் என் பக்கத்துல நிக்கிறாங்க. நான் பைப்பு விஷயமாத்தான் கூப்பிட்டேன்."

சந்தோஷமாகச் சொல்வதுபோல் குரலை உயர்த்திக்கொண்டு சொன்னாள்: "நீங்க எழுதின மாதிரியே செஞ்சேண்ணே. சாக்கெல்லாம் கழட்டிட்டு, நல்லா இறுக்கி மூடிட்டேன். இப்ப தண்ணி நல்லா வருது. கவலப்படாதீங்க."

பிளந்த குழாயை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். வீட்டுக்கார அம்மாளின் சீலிங்கைக் காதால் கேட்டிருந்தேன். அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள். சரிம்மா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்திருந்தால் என் மானம் மலேசியாவிலும் இங்கிலாந்திலும் பத்திரமாக இருந்திருக்கும். ஒரு நொடி அப்படிச் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், எதற்கு மறைக்க வேண்டும்.

"பொய் சொல்லாதம்மா," என்றேன். "நான் எழுதினது தப்பு. மூணுமே தப்பு."

அந்தக் காலத்துத் தூர அழைப்பில் நாம் பேசியது கொஞ்சம் கழித்து நமக்கே திரும்பக் கேட்கும். கடலடியிலிருந்து யாரோ சொல்வதுபோல் என் குரலே என்னிடம் வந்து தப்பு, தப்பு என்றது. அதற்குப் பின்னால் அவள் அழுகிற சத்தம் வந்தது.

"வீட்டுக்காரம்மா சொன்னாங்கண்ணே, சாக்க எடுக்காத, சொட்ட விடுன்னு. நான்தான் கேக்கல. எங்கண்ணனுக்குத் தெரியாத பைப்பா, உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டேன்."

நான் போகாதே என்று சொன்னதை மீறிப் போனவள், ஒரே ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரையும் தள்ளிவிட்டுக் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று விக்கலோடு சொன்னாள். போனை அந்த அம்மாளிடம் கொடு என்றேன். வேண்டாம்ணே என்றாள். கொடு என்றேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். போதாதோ என்று மறுபடியும் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார், நீங்கள் உறைந்த குழாயை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று. பார்த்திருக்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். இன்றைக்கு மத்தியானம்தான், முதல் தடவை என்றேன். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

தங்கச்சி மறுபடி வந்தாள். "என்ன சொன்னீங்க? சிரிக்கிறாங்கண்ணே. சரி, இரு, பாப்போம்ங்கிறாங்க." மூக்கை உறிஞ்சினாள். நான் என்ன பேசுவது என்று தெரியாமல், சாக்கை மறுபடி சுற்றிவிடு, சொட்டட்டும், சொட்டினால் பரவாயில்லை என்றேன். சரிண்ணே என்றாள். இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருந்ததும் கொஞ்சம் கழித்து எனக்குத் திரும்பக் கேட்டது.

அப்போதுதான் அவள் சொன்னாள். மாதாமாதம் கடுதாசியில் எல்லாம் நலம், எல்லாம் நலம் என்று எழுதியவள், குரலே இல்லாத குரலில் சொன்னாள்.

"அண்ணே, இங்க ரொம்பக் குளுருதுண்ணே. என்னால தாங்க முடியல."

நடுவில் ஆபரேட்டர் பெண் நுழைந்து, மூன்று நிமிடம் முடிந்தது, இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டும் என்று தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் ஆட்டினேன். கண்ணீர் கழுத்துவரைக்கும் வந்துவிட்டிருந்தது. அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்தார்.

"தலைய ஆட்டுனா அவங்களுக்கு எப்படிடா தெரியும்? வாயத் தொறந்து சொல்லு."